மடியில் ஒரு பொட்டலம் உப்பு

1983 ஜனவரி 9

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஐம்பத்தோரு வயசு ஆள், வேட்டி மடியில் உப்புப் பொட்டலம் வைத்துக்கொண்டு திரிகிறேன். இன்று மத்தியானம் விருத்தாம்பாள் மோர் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து ஒரு சிட்டிகை எடுத்துக் குழம்பில் போட்டு விரலால் கலக்கினேன். அவள் திரும்பி வரும்போது விரலைச் சப்பிக்கொண்டிருந்தேன்.

"நல்லா கீதா?" என்றாள்.

"அமிர்தம்" என்றேன்.

விஷயம் இதுதான். எங்களுக்கு ஒரே மகள், ஆதிலட்சுமி. வந்தவாசியில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு தடவை வயிற்றில் தங்கி, இரண்டும் கலைந்துபோனது. போன ஆடியில் படவேட்டு அம்மன் முன்னால் நின்று என் பெண்டாட்டி சொன்னாள்: "தாயே, என் பொண்ணு மடியில ஒரு உசுரு வந்து படுக்கிற வரைக்கும் நான் உப்பு தொடமாட்டேன்." பக்கத்தில் நின்ற நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்தால் அது என் வாயா? "நீ மட்டும் இன்னா, நானுந்தான்" என்று விட்டேன். அவள் சொன்னது அம்மனுக்கு. நான் சொன்னது அவள் சிரிக்கட்டுமே என்று. அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் விரதம், நான் பொட்டலம்.

இந்த டைரி பலராமன் முதலாளி கொடுத்தது. அவருடைய பட்டுப் பாவுக்குத்தான், தறியில் ஏற்றுகிற நீள இழைகளுக்கு, விறைப்பாக நிற்கட்டும் என்று நான் தெருவில் கஞ்சி போடுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு டைரி கொடுத்தால் எழுத்துப் பிழைக்கு அவர்தான் பொறுப்பு.

ஜனவரி 14

பொங்கல். வெண்பொங்கலில் உப்பில்லை. சர்க்கரைப் பொங்கல் மட்டும் தப்பித்தது.

ஜனவரி 20

மாப்பிள்ளை ராமதாஸ் வந்தார். ஆதிலட்சுமிக்கு நாலாம் மாசமாம். முன்னே இரண்டும் அஞ்சாம் மாசத்தில்தான் போனது, அதனால் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தார்களாம்.

"பாத்தியா, அம்மன் கேட்டுடுச்சு. ஒரு அப்பளம் பொரி" என்றேன்.

"இனிமேதாங்க ஜாக்கிரதையா இருக்கணும். வாய மூடிகினு இருங்க" என்றாள் விருத்தாம்பாள். அன்றே மோரையும் நிறுத்திவிட்டாள். கடையில் வாங்குகிற மோரில் எவனாவது உப்பு போட்டிருப்பானாம்.

ஜனவரி 27

விருத்தாம்பாள் ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டே சாய்ந்துவிட்டாள். இழை அறுந்த சத்தம்கூட இல்லை. ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு போனேன். "உடம்புல உப்பு சுத்தமா இறங்கிப் போச்சு. உப்பு சாப்புடணும், இல்லாங்காட்டி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார் டாக்டர். பாட்டிலில் ஏற்றினார்கள்.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் கேட்டேன், "பாட்டில்ல ஏத்துனது உப்புத் தண்ணிதானே, விரதம் போச்சே?"

"அது ஊசி. நாக்குல படல" என்றாள்.

தெருவில் நான் வாய் திறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்தால் என் வாயே எனக்குப் பாரமாக இருக்கிறது. ஒருத்தியைச் சிரிக்க வைக்க ஆறு மாசமாகப் பாடுபடுகிறேன். இதற்கு மூட்டை தூக்கலாம்.

பிப்ரவரி 2

முதலாளி வீட்டுக்கு ஜப்பானிலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார். எங்கள் வயசுதான் இருக்கும். அங்கேயும் பட்டு நெசவு ஊராம். நம் சேலையில் உடம்பையும் கரையையும் தறியிலேயே கோத்து வாங்குகிறோமே, அதைக் கற்றுக்கொள்ள இரண்டு மாசம் தங்கப் போகிறார். பெயர் சதாகோ. தெருவே சதாம்மா ஆக்கிவிட்டது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ராஜவேலு, எங்க வீட்டு மொளகாய்க்கு அந்தம்மா கண்ணுல தண்ணி உட்டுகினு எழுந்து போயிட்டாங்க. உன் வீட்ல சாப்பாடு போடச் சொல்லு. ஆரணியிலயே சப்புனு சமைக்கிறது உன் சம்சாரம் ஒருத்திதான்."

இதையும் ஒரு பெருமை என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 6

சதாம்மா சாப்பிடுவதில்லை. சோற்றைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிடுகிறார், இரண்டு குச்சியை எடுக்கிறார், புழுங்கலரிசிப் பருக்கைகள் குச்சியில் நிற்காமல் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. நாலு வாய்க்கு மேல் போவதில்லை. அப்புறம் வாழைப்பழம். விருத்தாம்பாள் கதவோரம் நின்று பார்த்து, "என்ன மாதிரியே ஒண்ணு வந்து சேந்துகீது" என்றாள்.

பிப்ரவரி 8

இன்று விடியும்போது நானும் என்கூட வேலை செய்கிற வேடியப்பனும் தெருவில் பாவு விரித்தோம். அரக்கு நிறம், ஐந்து சேலைக்கான பாவு. பச்சரிசியைக் குழையக் காய்ச்சி, கரைத்து, அண்டாவில் வைத்திருந்தேன். நீர்த்த கஞ்சி மேலே, அடியில் கெட்டி. சதாம்மா வேடிக்கை பார்க்க வந்தார். அண்டாகிட்டே வந்ததும் மூக்கை இழுத்தார். குனிந்தார். பையிலிருந்து குச்சிகளை எடுத்தார்.

"ஐயோ அம்மா, அது பாவுக்கு!" என்றேன். அவருக்குப் புரிந்தால்தானே. அடியில் இருந்த கெட்டியை வழித்துத் தின்றார். கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு வாய், இன்னொரு வாய்.

"ண்ணா, பாவு பட்டினி" என்றான் வேடியப்பன்.

முப்பது வருஷமாகக் கஞ்சி காய்ச்சுகிறேன். எந்தப் பாவும் ஒரு நாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அண்டாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்: "அடியே, அந்தம்மாவுக்குப் பச்சரிசி. ஒட்டிக்கினு நிக்கணும். நீ குழைய உட்டா நான் திட்டுவனே, அந்த மாதிரி."

பிப்ரவரி 12

ஆறு மாசமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டவள் இன்று சதாம்மாவோடு உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு: ஒட்டுகிற வெள்ளைச் சோறு, வேக வைத்த பூசணி. அவருக்குக் காரம் ஆகாது, இவளுக்கு உப்பு ஆகாது. ஊர் முழுக்கத் தேடினாலும் இப்படி ஜோடி கிடைக்காது.

சதாம்மா தன் ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்புத் தண்ணி பாட்டிலைத் திறந்து சோற்றில் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார். இவளுக்கும் நீட்டினார். விருத்தாம்பாள் முகர்ந்து பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூக்கே உப்பு கண்டுபிடிக்கிறது. என் மடியில் இருப்பது தெரியாமலா இருக்கும் என்று ஒரு நிமிஷம் கலங்கிவிட்டேன்.

பிறகு சதாம்மாவிடம், "ரெண்டு குச்சியில நீங்க சோறு துன்றீங்க. எங்க ஊர்ல தெருவுல நட்ட ரெண்டு குச்சியில மொத்தப் பாவையும் நிக்க வெப்போம்" என்றேன். புரியாமலே சிரித்தார். புரியாமலாவது ஒருத்தர் சிரிக்கிறார்.

பிப்ரவரி 17

மறுபடி தலைசுற்றல். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். கேட்டால் வெயிலாம். மாசி பிறந்து நாலு நாள்கூட ஆகலை, என்னா வெயிலு?

பிப்ரவரி 24

என்ன எழுதுவது.

சதாம்மா இன்று நான் சமைக்கிறேன் என்று கையைக் காட்டினார். சோறு வடித்து ஆற வைத்தார். ஈரக் கையால் எதையோ தொட்டு உள்ளங்கையில் தடவிக்கொண்டார், சோற்றை அள்ளி, இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பிடித்தார். உருண்டை இல்லை, சமோசா மாதிரி மூன்று மூலை. அவர் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும், ரயிலில் போகிறவனுக்கும், வயலுக்குப் போகிறவனுக்கும் இதுதான் கட்டுச்சோறு என்று முதலாளி ஒரு தடவை சொல்லியிருக்கிறார். முதல் பிடி விருத்தாம்பாளுக்கு. இரண்டாவது எனக்கு.

கடித்தேன். உப்பு.

சோற்றில் இல்லை, மேலே. கைபட்ட இடத்திலெல்லாம். எத்தனை ருசி! அப்புறம்தான் உறைத்தது. விருத்தாம்பாளைப் பார்த்தேன்.

அவள் வாய் நின்றிருந்தது. முற்றத்தில் போய்த் துப்பிவிட்டு வந்திருக்கலாம். சதாம்மா விரலெல்லாம் பருக்கை ஒட்டிக்கொண்டு, எதிரே நின்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விருத்தாம்பாள் மென்றாள். விழுங்கினாள். கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றாள். எழுந்து போய்ச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 25

விருத்தாம்பாள் பேசவில்லை. நானும் கிண்டல் பண்ணவில்லை. வீடு காலி பண்ணிய வீடு மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 26

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"அஞ்சாம் மாசங்க. சரியா அஞ்சாம் மாசம். நானே என் வாயால கெடுத்துட்டேன்."

"துப்பி இருக்கலாமேடி."

"கையால புடிச்சுக் குடுத்தாங்க. பெத்த புள்ளைக்குக் குடுக்கற மாதிரி. எப்படிங்க துப்புவேன்?"

சரி, முடிஞ்சது முடிஞ்சு போச்சு என்றேன். கேட்கவில்லை. பிராயச்சித்தமாம். நாளையிலிருந்து சோறும் கிடையாதாம். ஒரு வேளை பால், ஒரு வேளை பழம். ஆதிலட்சுமிக்குப் பிரசவம் ஆகிற வரைக்கும்.

அடி பாவி, அதுக்குள்ள நீ இருப்பியாடி? டாக்டர் சொன்னத நீயுந்தானே கேட்ட? பேரப்புள்ள பொறக்கும், தூக்க ஆளு இருக்காது. அம்மனுக்கு இது ஒரு பேஜார் — எவ புள்ளைய காப்பாத்தறது, எவள காப்பாத்தறது. நான் யாருகிட்ட போயி சொல்றது? எனக்கு எதையும் வேடிக்கையாத்தான் சொல்லத் தெரியும். நெசமா ஒண்ண சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். இவளே நம்பல.

நான் களைத்துவிட்டேன். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 27

பால். பழம்.

சதாம்மா சோறு பிடித்துக்கொண்டு வந்தார். கதவு சாத்தியிருந்தது. என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் தின்னவில்லை. எனக்கும் இறங்கவில்லை.

பிப்ரவரி 28

முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு கிண்டலும் இல்லாமல், ஆரம்பத்திலிருந்து. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே கிளம்பினார், சதாம்மாவையும் கூட்டிக்கொண்டு. அவர்கள் இரண்டு பேரும் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள்.

விருத்தாம்பாள் பாயில் சாய்ந்திருந்தாள். முதலாளி விரதத்தைப் பற்றி எடுத்துச் சொன்னார். பாதியிலேயே சதாம்மா கையைக் காட்டி நிறுத்தினார். முகம் வெளுத்துவிட்டது. தரையில் மண்டி போட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். விருத்தாம்பாள் பதறி எழுந்தாள். "ஐயோ, தூக்குங்க அவங்கள, வயசானவங்க!" தன் வயசு என்பது ஞாபகமில்லை.

சதாம்மா என்னமோ சொன்னார். முதலாளி கேட்டு, மறுபடி கேட்டு, அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார்.

"அவங்க ஊர்லயும் இந்த விரதம் கீதாம். உப்ப உட்டுட்டு சாமிகிட்ட வேண்டிக்கறது. இவங்க அம்மா அப்படி இருந்தாங்களாம். பெரிய சண்டையப்ப, இவங்க அண்ணன் பட்டாளத்துக்குப் போனப்ப."

விருத்தாம்பாள் கேட்டாள்: "அண்ணன் வந்தாரா?"

முதலாளி கேட்கவே தயங்கினார். கேட்டார்.

"வரலியாம்."

தெருவில் யாரோ தறிக்கட்டை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அப்புறம் அவங்க அம்மா உப்பு சாப்புட்டாங்களா?"

"சாப்புட்டாங்களாம். இவங்கதான் அன்னிக்கு சோறு புடிச்சுக் குடுத்தாங்களாம். சின்னப் பொண்ணு. கை முழுக்க உப்பு தடவிக்கினு."

"அம்மா மேல அவங்களுக்குக் கோவமா?" என்றாள் விருத்தாம்பாள். எதற்காக அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

சதாம்மா நிறைய நேரம் பேசினார். முதலாளி சுருக்கமாகத்தான் சொன்னார். "கோவந்தானாம். அண்ணன் எங்கியோ தூரத்துல கீறான். அம்மா கண்ணு முன்னால மெலிஞ்சுகினு போறாங்க. அண்ணனுக்காகப் பயந்தத விட அதுக்குத்தான் ரொம்பப் பயந்தாங்களாம்."

விருத்தாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில் ஆதிலட்சுமியின் கல்யாணப் போட்டோ. அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, கையை நீட்டினாள்.

"மடியில வெச்சுகினு கீறீங்களே பொட்டலம். அத்த எடுங்க."

முதலாளி முன்னால், வெளிநாட்டு விருந்தாளி முன்னால், வேட்டி மடியை அவிழ்த்தேன். ஈரம் பட்டு உப்பு கட்டி தட்டிப் போயிருந்தது. ஒரு கட்டியைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டாள்.

"எப்பத்துலேந்துடி தெரியும்?"

"ஆடி முடியறதுக்குள்ளயே."

மார்ச் 1

இரண்டு இட்லி தின்றாள். சட்னியில் உப்பு அதிகம். இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

மார்ச் 13

வந்தவாசிக்குப் போய்வந்தாள். நடந்ததையெல்லாம் ஆதிலட்சுமியிடம் சொன்னாளாம். "உப்பு வாணாம்னு நான் எப்பம்மா கேட்டேன்? நீ வந்து என்கூட கொஞ்ச நாளு இருந்தா போதாதா?" என்று மகள் சண்டை பிடித்தாளாம். நன்றாகச் சண்டை போட்டாள் என்று விருத்தாம்பாள் பெருமையாகச் சொல்கிறாள். அஞ்சு தாண்டிவிட்டது. பயம் தாண்டவில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். நானும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

மார்ச் 20

சதாம்மா நாளைக்குக் கிளம்புகிறார். இன்று தெருவுக்கே விருந்து வைத்தார். பச்சரிசிச் சோற்றில் காடி, அதான் வினிகர், ஊற்றி, சர்க்கரையும் உப்பும் போட்டு, விசிறியால் விசிறிக்கொண்டே கிளறினார். அவர் ஊரில் சுற்றுவதற்குக் கடல்பாசித் தாள் வேண்டுமாம். ஆரணியில் எங்கே போவது. முட்டையை மெலிசாக ஊற்றி எடுத்து, உள்ளே சோறும் வெள்ளரிக்காயும் வைத்துச் சுற்றி, அரிவாள்மணையில் வில்லை போட்டார். அமெரிக்காவில் இப்போது இதற்கென்றே கடைகளாம், வெள்ளைக்காரர்கள் பச்சை மீனோடு தின்கிறார்களாம். முதலாளி சொன்னார். வேடியப்பன் நம்பவில்லை.

எதிர்வீட்டுக் காசியம்மாள் வாயில் போட்டு யோசித்தாள். "ஊசிப்போன சோத்துக்கு எதுக்குடி சக்கரை?"

"துன்றதுன்னா துன்னு, இல்ல வெச்சுட்டுப் போ" என்றாள் விருத்தாம்பாள். தன் சமையலைச் சொன்னால்கூட இவ்வளவு ரோஷம் வராது. நான்கு வில்லை தின்றாள்.

நான் சதாம்மாவிடம், "போற வழிக்கு ஒரு அண்டா கஞ்சி கட்டித் தரட்டுமா?" என்றேன். முதலாளி இங்கிலீஷில் சொன்னதும் அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். விருந்து முடிந்து போகும்போது அவரும் விருத்தாம்பாளும் கையைப் பிடித்துக்கொண்டு அவரவர் பாஷையில் பேசினார்கள். மொழிபெயர்க்க முதலாளியை யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 3

ஆறு முடிந்தது.

ஏப்ரல் 21

இன்று ஆதிலட்சுமிக்கு ஏழாம் மாசத்து வளைகாப்பு, எங்கள் வீட்டில். மூன்று நாளாக எனக்கு உட்கார நேரமில்லை. விருத்தாம்பாள் ஓடி ஓடி வேலை செய்கிறாள். உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர் சொன்னதிலிருந்து என்னை உட்காரவே விடுவதில்லை. அவள் பேச்செல்லாம் இப்போது காரசாரம். அதற்காகவும் ஒரு விரதம் இருக்கலாமா என்று யோசிக்கிறேன்.

வளைகாப்புக்குக் கலந்த சோறு ஒற்றைப்படையில் வைக்க வேண்டும். புளி, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஆறு ஆகிவிட்டது. ஏழாவதற்குக் கறிவேப்பிலைச் சோறு என்றேன். விருத்தாம்பாள் உள்ளே போனாள், காடி பாட்டிலும் சர்க்கரையுமாக வந்தாள். விசிறிக்கொண்டே கிளறினாள், சதாம்மா விசிறின அதே மாதிரி.

"என்னாடி இது, எலுமிச்ச சோத்துக்கு மஞ்சள் போட மறந்துட்டியா?" என்றாள் காசியம்மாள்.

"இது ஜப்பான் சோறு. ஊரு ஒலகமெல்லாம் துன்றாங்க. உனக்கு இன்னா?"

யாரும் தொடவில்லை. ஆதிலட்சுமி மட்டும் இரண்டு கை வளையலும் குலுங்க மூன்று தடவை வாங்கித் தின்றாள். "யம்மா, வயித்துல உதைக்குதுமா, இன்னும் கேக்குது" என்றாள். விருத்தாம்பாள் அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். நான் எட்டிப் பார்த்தேன். "இன்னா பாக்கறீங்க, எலை எடுங்க" என்று கத்தினாள்.

ஏப்ரல் 22

விடியலில் முதலாளிக்குப் பச்சை நிறப் பாவு போட வேண்டியிருந்தது. முந்தின நாள் அசதி. பச்சரிசி ஊற வைக்க மறந்துவிட்டேன். வீட்டில் எல்லாரும் தூங்கினார்கள். குண்டானில் வெள்ளையாகக் குழைந்த சோறு நிறைய மீந்திருந்தது. அதை அண்டாவில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, கரைத்து, வடிகட்டினேன். நானும் வேடியப்பனும் பாவு முழுக்க நன்றாக இழுத்துத் தடவினோம். கொஞ்சம் புளித்த வாசனை வந்தது. ராத்திரி மீந்த சோறு, அப்படித்தான் இருக்கும் என்றேன். டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது முதலாளி பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ராஜவேலு, பாவு நகருதே" என்றார்.

எறும்பு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். கட்டெறும்பு கொஞ்சம், மிச்சமெல்லாம் சித்தெறும்பு. அப்போதுதான் உறைத்தது; நேற்று யாரும் தொடாத ஜப்பான் சோறு, சர்க்கரை போட்ட சோறு என்று முதலாளியிடம் சொன்னேன். வேடியப்பன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் துணியால் தட்டினோம். விருத்தாம்பாள் வாசலுக்கு வந்து பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுபடி தலைசுற்றலோ என்று ஓடினேன். இல்லை. சிரிப்பு தாங்கவில்லையாம். எட்டு மாசத்துக்கு மேல் ஆயிற்று அவள் சிரித்து.

பதினோரு மணிக்குப் பாவு சுத்தமாயிற்று. நான் வேட்டி மாற்றிக்கொண்டேன். மடியிலும் எறும்பு இருந்தது.